நான் அனுப்பிய வெயில்

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் முக்கால்வாசி வானிலைதான். பேராதனையில் படித்த காலத்தில் உபரிப் பாடமாக இரண்டு வருஷம் அதைப் படித்தேன். முதல் பாடமே இன்றைக்கு என்ன நாள், வெளியே வானம் எப்படி என்பதுதான். ‘ஓஜூர்துய்’ என்றால் இன்று. ‘இல் ஃபே போ’ என்றால் நல்ல வெயில். ‘இல் ப்ளோ’ மழை பெய்கிறது, ‘இல் ஃபே ஃப்ருவா’ குளிராக இருக்கிறது. கண்டியில் இருக்கிறவளுக்கு இந்த நாலும் ஒரே பகலுக்குள் தேவைப்படும், அதனால் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இலக்கணமெல்லாம் பரீட்சை முடிந்த கையோடு பறந்துபோயிற்று. ஆனால் வாய் மட்டும் எனக்கு நீளம். வேலைக்கு விண்ணப்பித்தபோது ‘பிரெஞ்சு சரளமாகப் பேசுவேன்’ என்று கூசாமல் எழுதினேன். அம்பிட்டிய மேட்டில் ஒன்பது அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசைக் கதிரை எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

திகனவில் என் வீடு. காலையில் இரண்டு பஸ் பிடித்து ஏழு மணிக்கு மேசைக்கு வந்துவிடுவேன். எனக்கு முன்பே அங்கே வந்து நிற்பவர் அறைகளைக் கவனிக்கும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தலாத்துஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வருகிறவர். கொழுந்து பறித்த கை, அதனால் படுக்கை விரிப்பை ஒரே உதறலில் சுருக்கமில்லாமல் போட்டுவிடுவார். நான் வயதில் சின்னவள் என்றாலும் என்னை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது.

முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். அறை வேலை செய்கிறவர்கள் விருந்தினரோடு கதைக்கக் கூடாது, எதுவானாலும் மேசைக்கு வர வேண்டும். அதாவது என்னிடம் வர வேண்டும். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு ஆள்தான் உடைத்தார்.

அவர் ஒரு பிரெஞ்சுக்காரி. எழுபதைத் தாண்டியவர், ஒற்றை நாடி உடம்பு. நாங்கள் எல்லோரும் ‘மதாம்’ என்போம். மூன்று வருஷம் தொடர்ந்து ஆடி மாதத்தில் வந்து ஆறு வாரம் மேல்மாடி மூலை அறையில் தங்கினார். பெரஹரா ஊர்வலம் பார்க்க ஊரே திரண்டு போகிற நாட்களிலும் அவர் போகவில்லை, காரணம் அவர் கண். நடுப்பார்வை போய்விட்டது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் தெரியும். நம்மைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் பார்ப்பார். முதலில் நான் அதைத் திமிர் என்று நினைத்தேன்.

அவர் வந்த முதல் காலையில் அக்கா தேநீர் கொண்டுபோனார். ஐந்து நிமிஷத்தில் படியிறங்கி ஓடிவந்தார்.

“மிஸ், அந்த மதாம் சன்னலக் காட்டிக் காட்டி என்னமோ கேக்குறாங்க. கண்ணாடி ஒடஞ்சிருச்சோன்னு தடவிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு.”

“என்ன சொல்லிக் கேட்டாங்க?”

“கெல்தோமு... ஓசூரு... அப்படின்னாங்க.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கெல் தோம் ஃபெத்தில் ஓஜூர்துய். இன்றைக்கு வானிலை எப்படி. “வெயிலா மழையா எண்டு கேக்குறாங்க அக்கா. ‘இல் ஃபே போ’ எண்டு செல்லிட்டு வாங்க” என்றேன்.

அக்கா படியில் கால் வைத்தார், நின்றார். “அப்படின்னா என்னாங்க மிஸ்?”

“நல்ல வெயில்.”

“இப்ப வெயிலு இல்லீங்களே. எதுத்த மலையே தெரியல, பனிமூட்டமால்ல கெடக்கு.”

“சும்மா போய்ச் செல்லுங்க அக்கா, அவங்களுக்கு என்ன தெரியவா போகுது!”

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “கண்ணு தெரியாதவங்க நம்பிக் கேக்குறாங்க. அவங்ககிட்ட போயி பொய் சொல்றதா? பாவம் மிஸ். பனிமூட்டத்துக்கு என்னான்னு சொல்லிக் குடுங்க.”

எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வரவில்லை. ஃபோனில் தேடித்தான் எடுத்தேன். ‘இல் யா த்யூ ப்ரூயார்’. அக்கா அதை வாய்க்குள் மென்றுகொண்டே படியேறினார். மேலேயிருந்து மதாமின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இங்கே வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. துணி அலுமாரிப் பக்கம் வந்து நின்று அக்கா என்னிடம் பாடம் கேட்பார். காற்றுக்கு என்ன, இடிக்கு என்ன, இனிமேல்தான் மழை வரப்போகிறது என்பதற்கு என்ன. ‘இல் வா ப்ளவ்வார்’ என்பது அவருக்குப் பிடித்த வசனம். பத்து மணிக்கு வெயில் அடித்தாலும் ஹந்தானை மலைப் பக்கம் இருட்டுவதைப் பார்த்து அதைச் சொல்லிவிடுவார், இரண்டு மணிக்குச் சொல்லி வைத்தாற்போலக் கொட்டும். தூறலுக்கு என்ன என்று கேட்டபோது நான் முழித்தேன். ‘சின்ன மழை’ என்று நானே ஒட்டிச் சொல்லிக்கொடுத்தேன். மதாம் அதைக் கேட்டுக் கைதட்டினாராம். கிழமையையும் சேர்த்துக்கொண்டார் அக்கா. இன்றைக்குத் திங்கள், காலையில் பனிமூட்டம், பிறகு வெயில், பிறகு மழை. இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். மதாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம்.

இரண்டாம் வருஷம் ஒருநாள் மதாம் மேசைக்கு வந்து என்னிடம் சொன்னார்: “அவள் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்!” எனக்கு உச்சந்தலை வரை ஏறிற்று. பத்துப் பன்னிரண்டு வசனம் தெரிந்த அக்கா அழகாகப் பேசுகிறாராம். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் படித்த எனக்கு என்ன கிடைத்தது? தொண்டையிலிருந்து ‘ர’ வரவில்லை என்று மூன்று தடவை திருத்தினார், அவ்வளவுதான். வாகனம் பிடித்துக் கொடுப்பது நான், மருந்து வாங்கிக் கொடுப்பது நான், அவருடைய ஃபோனில் தங்கை மகளை அழைத்துக் கொடுப்பதும் நான். பெயர் மட்டும் அக்காவுக்கு. பொறாமைதான், வேறென்ன. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது அது எனக்கு நியாயமாகவே பட்டது.

மூன்றாம் வருஷம், போன வருஷம், அவர் கிளம்புகிற காலை. வான் வண்டி வந்து வாசலில் நின்றது. சாரதி ஹோன் அடிக்கிறான். மதாம் மெலிந்து போயிருந்தார், கைத்தடியோடு அக்காவின் கையையும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கீழே வந்தும் கையை விடவில்லை. அக்காவைப் பார்ப்பதற்காக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பேசினார். எனக்கு நன்றாகவே விளங்கியது, ஏனென்றால் எல்லாம் எனக்குத் தெரிந்த சின்னச் சின்னச் சொற்கள்தான்.

வயிற்றில் நோய். போனதும் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். அங்கே சன்னல் திறக்காது. இனி வர முடியுமா என்று டாக்டர் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தினமும் காலையில் கண்டியில் இன்றைக்கு வானிலை எப்படி என்று உன் குரலில் சொல்லி ஃபோனில் அனுப்புவாயா?

அக்கா என்னைப் பார்த்தார். “என்னா மிஸ் சொல்றாங்க?”

நான் ஒரு நொடி யோசித்தேன். அக்காவிடம் இருப்பது பட்டன் ஃபோன். அப்படியென்றால் தினமும் என் ஃபோனைத்தான் நீட்ட வேண்டும். காலை நேரம் மேசையில் நூறு வேலை. நான் என்ன இவர்கள் இரண்டு பேருக்கும் தபால்காரியா? அதோடு மூன்று வருஷம் ஓடியாடிச் செய்த எனக்கு ஒரு வார்த்தை இல்லை என்ற எரிச்சல் வேறு.

“போயிட்டு வாறாங்களாம். உங்கட உடம்பப் பாத்துக்கொள்ளச் செல்றாங்க” என்றேன் அக்காவிடம். மதாமின் பக்கம் திரும்பி, “சரியென்கிறாள், தினமும் அனுப்புவாளாம்” என்றேன் பிரெஞ்சில். ஒரே மூச்சில் இரண்டு பேரிடமும் பொய். அக்கா சந்தோஷமாகத் தலையாட்டினார். மதாம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவருடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வான் போயிற்று.

நாளைக்கு அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. மறுநாள் அக்காவுக்கு லீவு. அதற்கடுத்த நாள் ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து இறங்கியது. அதற்குள் மதாம் போய்ச் சேர்ந்து என் வட்ஸ்அப்புக்குக் குரல் செய்தி அனுப்பிவிட்டார். அக்காவுக்கு காலை வணக்கம் சொல்லி, வானிலை எப்படி என்று கேட்டிருந்தார். இப்போது போய்ச் சொன்னால் அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னாய் என்ற கேள்வி வரும். அதனால் நானே எழுதி அனுப்பினேன். ‘இன்று வெள்ளி. பனிமூட்டம், பிறகு வெயில்.’ அக்கா சொன்னதாக எழுதினேன். மதாமுக்கு வாசிக்கக் கண் தெரியாது, தங்கை மகள் வாசித்துக் காட்டுவார்.

முதல் வாரம் பஸ்ஸிலிருந்து தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தாவது எழுதினேன். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. நேற்று அனுப்பியதை அழுத்திப் பிடித்து, நகல் எடுத்து, கிழமையை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவேன். குண்டசாலை தாண்டும் முன்பே அன்றைய கடமை முடிந்துவிடும். பனிமூட்டமும் தூறலும் எழுத நேரம் எடுக்கும், ‘ஓஜூர்துய் இல் ஃபே போ’ என்பது சுருக்கம். ஐப்பசி முழுக்க அடைமழை. நான் அனுப்பியதெல்லாம் வெயில்.

மதாமிடமிருந்து பதில் குரலாக வரும். எல்லாம் அக்காவுக்குத்தான். தலைமயிர் கொட்டிவிட்டது, தொப்பி போட்டிருக்கிறேன். சாப்பாட்டில் உப்பே இல்லை. இன்றைக்கு தாதிமாரிடம் கண்டியில் நல்ல வெயிலாம் என்று சொன்னேன், பொறாமைப்பட்டார்கள். நான் அதையெல்லாம் கேட்டுவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். ஒன்றையும் அக்காவுக்குப் போட்டுக் காட்டவில்லை. “ஏன் அவள் குரலில் அனுப்புவதில்லை?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். வெட்கப்படுகிறாள் என்றேன். வேலை நேரத்தில் பேச முதலாளி விடமாட்டார் என்றேன். வேலியில் போன ஓணானை நானே பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன், அது இனி இறங்குமா?

அக்காவோ இங்கே விடாமல் படித்துக்கொண்டிருந்தார். “அடுத்த ஆடிக்கு மதாம் வர்றதுக்குள்ள வானவில்லுக்கு என்னான்னு சொல்லிக் குடுங்க மிஸ்” என்பார். நானும் சொல்லிக்கொடுத்தேன். யா அல்லாஹ், எந்த முகத்தோடு சொல்லிக்கொடுத்தேனோ!

பிறகு நவம்பர் கடைசியில் அந்த மழை வந்தது. இந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரவும் பகலும் நிற்காமல் கொட்டியது. திகனவில் கரண்ட் போனது, ஃபோன் செத்தது, கண்டிக்குப் போகிற வழியெல்லாம் மண்ணும் மரமும். மலைகள் சரிந்தன என்று ஆளுக்கு ஒரு கதை கொண்டுவந்தார்கள், எது உண்மை எது பொய் என்று தெரியாது. தலாத்துஓயாப் பக்கம் லயங்கள் போய்விட்டன என்று ஒருவர் சொன்னார். அக்காவின் நம்பருக்கு அழைக்கவும் வழியில்லை.

நாலாம் நாள் திகன டவுனில் ஒரு கடைக்காரர் ஜெனரேட்டர் போட்டு எல்லோருடைய ஃபோனையும் சார்ஜ் பண்ணிக் கொடுத்தார். உம்மாவும் நானும் போய் வரிசையில் நின்றோம். ஃபோன் உயிர்பெற்றதும் முதலில் அக்காவை அழைத்தேன். தொடர்பு இல்லை. பிறகு மதாமின் பெயர் கண்ணில் பட்டது. நாலு நாளாகச் செய்தி இல்லாமல் கேட்டுக் கேட்டு அனுப்பியிருந்தார்.

“பிரான்ஸில ஒரு மனிசி, நோயாளி. என்ன எழுதுற உம்மா?” என்று கேட்டேன்.

“நோயில கெடக்கிற ஆளுக்கு கெட்ட கதை செல்லப்படாது மகள்” என்றார் உம்மா. “அது பாவம். நல்லா ஈக்கிறோம் எண்டு போடுங்க.”

உம்மாவைக் குறைசொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் மட்டுமா, இந்த ஊர் முழுக்க அப்படித்தான். பேராதனை ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் சிரித்த முகத்தோடுதான் போவோம். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். என் சோம்பலுக்கும் பொய்க்கும் அன்றைக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. சேறு படிந்த செருப்போடு, நனைந்த சனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, அக்கா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல், அக்கா சொன்னதாக எழுதி அனுப்பினேன். ‘இன்று ஞாயிறு. நல்ல வெயில். இனிய நாளாக அமையட்டும், மதாம்.’

பதில் அன்றைக்கே வந்தது. குரல் நூலாக இருந்தது.

“இது அவள் இல்லை. தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டேன், உங்கள் ஊரில் மலை விழுகிறது என்கிறார்கள். மழை பெய்தால் அவள் மழை என்றுதான் சொல்வாள். வெயில் என்று சொல்கிறது வேறு யாரோ. அவளுக்கு என்ன ஆயிற்று? என்னிடம் மறைக்காதீர்கள். அவள் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். ஒரே ஒரு வார்த்தை.”

அப்போதுகூட என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். ‘நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதீர்கள்’ என்று எழுதினேன். எனக்கே தெரியாத ஒன்றை எழுதினேன். அதற்கு மதாம் பதில் அனுப்பவில்லை.

ரோட்டைத் துப்புரவாக்கி பஸ் ஓடத் தொடங்கியதும் அம்பிட்டியவுக்குப் போனேன். அதற்கு இரண்டு நாள் கழித்து, மழை தொடங்கி ஒன்பதாம் நாள், மேட்டு வளைவில் ஒரு பெண் நடந்து வருவது தெரிந்தது. அக்காதான். கால் இரண்டும் வீங்கியிருந்தன, யாரோ கொடுத்த பெரிய சட்டை போட்டிருந்தார். லயத்தின் கடைசி இரண்டு வீடுகள் மண்ணோடு போய்விட்டனவாம், இவருடையது தப்பியது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தங்கியிருந்தார்களாம், ஃபோன் சேற்றில் போய்விட்டது. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதேன்.

“அட என்னாங்க மிஸ், நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று என் முதுகைத் தட்டினார். “மேல் ரூம்பு சன்னலு தொறந்து கெடந்துச்சே, மெத்த நனஞ்சிருச்சா?”

அந்த நிமிஷமே ஃபோனை எடுத்து நீட்டியிருக்கலாம். ‘ஒரு வார்த்தை பேசுங்க அக்கா’ என்றால் முடிந்தது. ஆனால் யாருக்கு, எதற்கு என்று கேட்பார். மூன்று மாசக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும். வீங்கிய காலோடு இப்போதுதான் வந்து நிற்கிறார், இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாள் முதலாளி வந்து கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கடுத்த நாள் ஞாயிறு, பகலோடு நான் போய்விட்டேன். அதற்கும் அடுத்த நாள் அக்காவே நிவாரணப் பொருள் வாங்கப் போய்விட்டார். சாக்குக்கா பஞ்சம்! உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். அக்காவின் கண்ணில் நான் சின்ன ஆளாகிவிடுவேனே என்ற பயம். ‘மிஸ்’ என்று இனி எப்படிக் கூப்பிடுவார்? இதுதான் அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஐந்து நாள் அப்படிப் போக்கினேன். ஆறாம் நாள் காலையில் பஸ்ஸில் இருக்கும்போது மதாமின் நம்பரிலிருந்து செய்தி வந்தது. எழுத்தில் வந்திருந்தது. தங்கை மகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

பெரியம்மா நேற்று காலமானார். கடைசி நாட்களில் அவர் தன் நோயைப் பற்றிப் பேசவில்லை. தனக்குக் காலையில் வானிலை சொல்லும் பெண்ணை மலை மூடிவிட்டது என்றும், நல்ல மனசோடு நீங்கள் அதை மறைக்கிறீர்கள் என்றும் சொன்னார். அந்தப் பெண்ணுக்காக அழுதார். தேவாலயத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொன்னார், நாங்கள் ஏற்றினோம். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு எங்கள் அனுதாபத்தைச் சொல்லுங்கள்.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்வது, வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் இருந்த பெண் யாரு, என்ன என்று கேட்டாள். நான் செய்தியை மறுபடி வாசித்தேன். உயிரோடு இருக்கிற ஒருத்திக்காக, சாகப்போகிற ஒருவர் அழுதுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அந்த வார்த்தையை வைத்திருந்த ஆள் ஐந்து நாளாக என் கண்முன்னால் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

விடுதிக்குப் போய்ப் பையைக்கூட வைக்காமல் நேராக மேல்மாடிக்குப் போனேன். அக்கா மூலை அறையில் மெத்தையை வெயிலில் காயவைத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கதவடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வான் வண்டிக்குப் பக்கத்தில் மதாம் கேட்டது, நான் மாற்றிச் சொன்னது, பஸ்ஸிலிருந்து அனுப்பிய பொய் வெயில், மெழுகுதிரி வரை. பொறாமை என்றும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், மூக்கு ஒழுக ஒழுக.

அக்கா மெத்தை விளிம்பில் உட்கார்ந்தார். நான் அறிந்து விருந்தினர் கட்டிலில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

“அப்ப அந்தம்மா, நான் மண்ணுக்குள்ள போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாங்களா?”

“ஓ அக்கா” என்று தலையாட்டினேன்.

நான் இன்னும் சத்தமாக அழுதேன். மாப்பு செய்யுங்க அக்கா, மாப்பு செய்யுங்க என்று மன்னிப்புக் கேட்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“நிப்பாட்டுங்க மிஸ்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. “எனக்குப் பதிலா நீங்களே மூணு மாசம் பேசிட்டீங்க. இப்ப எனக்குப் பதிலா நீங்களே அழுவவும் செய்றீங்க. அதையாச்சும் எனக்கு விடுங்க.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா அழுதார். முந்தானையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு, தோட்டத்தில் சாவு வீட்டில் அழுவதுபோல, ‘என்னப் பெத்த அம்மா, ஏந்தாயி’ என்று மெல்லிய ராகத்தோடு அழுதார். நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போக எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவங்க பேசி அனுப்புனதெல்லாம் இருக்குதா?” என்று கேட்டார்.

இருந்தது. ஒன்றுகூட அழிக்கவில்லை. செப்டம்பரிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். மதாமின் குரல் அந்த அறைக்குள் வந்தது. ஒவ்வொன்று முடிந்ததும் நிறுத்தி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். தொப்பி, உப்பில்லாத சாப்பாடு, பொறாமைப்பட்ட தாதிமார். விளங்காத இடத்தில் ‘இது எனக்கு விளங்கல்ல’ என்றே சொன்னேன். தாதிமார் கதைக்கு அக்கா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். கடைசிச் செய்தியை இரண்டு தடவை போடச் சொன்னார்.

“எனக்குப் பேசணும்” என்றார்.

“அக்கா, அவங்க மவுத்தாகிட்டாங்க...”

“தெரியுது மிஸ். ஒரு வார்த்த கேட்டாங்கல்ல. போடுங்க.”

ஃபோனை அவர் வாயருகில் பிடித்தேன். ஏதாவது பிரெஞ்சில் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அக்கா தமிழில்தான் பேசினார்.

“அம்மா, நாந்தாங்க. நான் சாவலைங்கம்மா. இந்தா, ஒங்க ரூம்புலதான் ஒக்காந்திருக்கேன்.”

விரலை எடுத்தேன். செய்தி கிளம்பியது. பக்கத்தில் ஒரு சின்ன ‘சரி’ அடையாளம் மட்டும் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. அந்த ஃபோனை அவர்கள் அணைத்துவிட்டார்கள் போல. இரண்டு பேரும் ஃபோன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“போயி சேந்துருச்சா மிஸ்?”

சேர்ந்துவிட்டது, கேட்டிருப்பார் என்று சொல்லத்தான் என் நாக்கு முந்தியது. சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பார். அவருக்கு அந்த அடையாளமெல்லாம் தெரியாது.

“இல்ல அக்கா” என்றேன். “போய்ச் சேரல்ல.”